கால்ஷீட் கணக்கு: இறுதியாண்டு புராஜெக்டுக்கு எதை எடுப்பது?

ஐந்தாவது செமஸ்டர் தேர்வு முடிந்த கையோடு விஸ்காம் துறையின் அறிவிப்புப் பலகையில் ஒரு தாள் ஒட்டப்படும். குறும்படம், ஆவணப்படம், ஒளிப்படத் தொகுப்பு, வானொலி நிகழ்ச்சி அல்லது பாட்காஸ்ட், விளம்பரப் பிரசாரம், இதழ் வடிவமைப்பு, அனிமேஷன், ஆய்வேடு. இவற்றில் ஒன்றை டிக் அடித்து, தலைப்பு எழுதி, கைடிடம் கையெழுத்து வாங்கிக் கொடுக்க வேண்டும். கல்லூரிக்குக் கல்லூரி பட்டியலில் ஒன்றிரண்டு கூடும், குறையும். எங்கே போனாலும் மாறாத ஒன்று உண்டு: வகுப்பில் முக்கால்வாசிப் பேர் குறும்படம் என்று எழுதியிருப்பார்கள்.

அதில் வியப்பில்லை. கலைஞர் தொலைக்காட்சியில் 2009இல் தொடங்கிய ‘நாளைய இயக்குநர்’ மேடையில் குறும்படம் காட்டிய கார்த்திக் சுப்புராஜும் நலன் குமாரசாமியும் பாலாஜி மோகனும் அடுத்த சில ஆண்டுகளில் பெரிய திரைக்குப் போனார்கள். அன்றிலிருந்து குறும்படம் என்றால் கோடம்பாக்கத்துக்கான விசிட்டிங் கார்டு என்ற எண்ணம் நிலைத்துவிட்டது. ஆசையில் தப்பே இல்லை. ஆனால் புராஜெக்ட் ஒரு பருவத்துக்குள் முடித்து, பைண்டிங் போட்டு, எக்ஸ்டெர்னல் முன்னால் உட்கார்ந்து பதில் சொல்ல வேண்டிய தேர்வுத் தாள். அதைத் தேர்ந்தெடுக்க ஆசை மட்டும் போதாது, காலண்டரும் வேண்டும்.

முதலில் காலண்டரையே எடுங்கள். டிசம்பர் கடைசியில் தலைப்பு உறுதியாகிறது, மார்ச் மூன்றாம் வாரத்தில் ரெக்கார்டு பைண்டிங்குக்குப் போகிறது என்று வைத்துக்கொள்வோம். நடுவில் இருப்பவை பதினொன்றோ பன்னிரண்டோ வார இறுதிகள். பொங்கலில் ஒன்று போகும், கல்சுரல்ஸில் ஒன்று, இன்டெர்னல் தேர்வில் ஒன்று. கடைசி மூன்று எடிட்டிங்குக்கு. கையில் நிற்பது ஐந்தாறுதான். இப்போது நீங்கள் நினைத்திருக்கும் புராஜெக்டை ஒரு தாளில் எழுதி, அது முடிய உங்களைத் தவிர யார் யாருடைய தேதி வேண்டும் என்று பக்கத்தில் பெயர் பெயராக எழுதுங்கள். நடிகர், கேமரா கொடுக்கும் நண்பர், வீடு கொடுக்கும் அத்தை, கடைக்காரர், அனுமதி தரும் அலுவலகம், எல்லாரையும். எந்த வடிவத்தை எடுப்பது என்பதை இந்தப் பட்டியலின் நீளம்தான் முடிவு செய்ய வேண்டும் என்பது என் கட்சி. திறமை குறைந்து நின்றுபோகும் புராஜெக்டுகளைவிட கால்ஷீட் கிடைக்காமல் நின்றுபோகும் புராஜெக்டுகள் அதிகம்.

குறும்படத்தை இந்தக் கணக்கில் போட்டுப் பாருங்கள். மாணவர் குறும்படத்தில் தவறாமல் வரும் டீக்கடைக் காட்சி ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். இரண்டு நண்பர்கள் பேசுகிறார்கள், டீ மாஸ்டர் கண்ணாடி டம்ளரை நீட்டுகிறார், ஒரு வசனம், முடிந்தது. ஸ்கிரிப்டில் அரைப் பக்கம். கடைக்காரர் நல்லவர்தான், ஆனால் வியாபாரம் ஓய்ந்திருக்கும் மதியம் இரண்டு முதல் நான்குக்குள் முடித்துக்கொள்ளச் சொல்வார். அந்த நேரத்தில் வெயில் கடுமையாக அடித்து முகத்தில் பாதியைக் கறுப்பாக்கும். பாய்லர் சீறும், பழைய ஃப்ரிட்ஜ் உறுமும், வெளியே பஸ் ஹாரன். ஃப்ரிட்ஜை நிறுத்தச் சொன்னால் பால் கெட்டுவிடும் என்பார், அதுவும் நியாயம்தான். இரண்டாவது டேக்கில் டம்ளரில் டீ பாதியாக இருக்கும், மூன்றாவதில் நிறைந்திருக்கும், எடிட்டிங்கில் அது கண்ணைக் குத்தும். மாஸ்டராக நடிக்க வந்த மாமா மூன்றரைக்கு ட்யூட்டிக்குப் போக வேண்டும். இதற்குள் விடுபட்ட ஒரு குளோசப்புக்காக அடுத்த வாரம் வந்தால் கடையில் புதிதாகப் பச்சை பெயின்ட் அடித்திருப்பார்கள்.

இத்தனை சொல்வது குறும்படம் வேண்டாம் என்பதற்கல்ல. எடுப்பதானால் கதையை உங்கள் கால்ஷீட்டுக்குள் வெட்டிக்கொள்ளுங்கள். இரண்டு பாத்திரங்கள், நீங்கள் சாவி வைத்திருக்கும் ஒரே இடம், பகல் வெளிச்சம். முறையாக எழுதிய திரைக்கதையில் ஒரு பக்கம் ஏறக்குறைய ஒரு நிமிடம் என்பது தொழிலில் எல்லாரும் வைத்திருக்கும் கணக்கு. எட்டுப் பக்கத்தைத் தாண்டினால் கிழித்துவிடுங்கள். பள்ளிப் பிள்ளை நடிக்க வேண்டிய கதையானால் ஜனவரிக்குள் முடித்துவிடுங்கள். பிளஸ் டூ படிக்கும் தம்பியை மார்ச்சில் எந்த வீட்டிலும் அனுப்ப மாட்டார்கள்.

அனுமதி விஷயத்தில் மாணவர்கள் காட்டும் துணிச்சல் அலாதியானது. ரயில் நிலையத்தில் ஒரு பிரிவுக் காட்சி இல்லாமல் காதல் கதை எழுத வராது போலிருக்கிறது. ரயில்வே வளாகத்தில் படம் பிடிக்க ரயில்வேயின் அனுமதி வேண்டும். மாமல்லபுரம், தஞ்சைப் பெரிய கோயில் போன்ற இடங்களில் தொல்லியல் துறையைக் கேட்க வேண்டும். கோயில்களுக்குள் கைபேசிக்கே தடை விதிக்கச் சொல்லி 2022 டிசம்பரில் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை உத்தரவிட்டிருக்கிறது. ட்ரோன் என்றால், 250 கிராம் வரையிலான நானோ வகைக்கு 2021 விதிகளின்படி பைலட் உரிமம் தேவையில்லை. ஆனால் சிவப்பு மண்டலத்தில் மத்திய அரசின் அனுமதி இல்லாமல் அதையும் பறக்கவிட முடியாது. இந்த அலுவலகங்கள் ஒவ்வொன்றும் உங்கள் பட்டியலில் ஒரு பெயர். அந்த அதிகாரியின் கால்ஷீட்டையும் சேர்த்தே எண்ணுங்கள். பின்னணியில் ஒரு சினிமாப் பாட்டைப் போட்டுவிடலாம் என்பவர்களுக்கு: அதன் உரிமை ஏதோ ஒரு மியூசிக் கம்பெனியிடம் இருக்கும். வகுப்பறையில் காட்டும்வரை யாரும் கேட்காமல் இருக்கலாம். யூடியூபில் ஏற்றியதும் தானியங்கி முறையே பாட்டைக் கண்டுபிடித்துவிடும். வகுப்பில் கீபோர்டு வாசிக்கிற ஒருவர் கட்டாயம் இருப்பார், அவரைக் கேளுங்கள்.

ஆவணப்படத்தில் கணக்கு வேறு மாதிரி. இங்கே நீங்கள் யாரையும் வரச் சொல்வதில்லை, அவர்கள் இருக்கும் இடத்துக்கு நீங்கள் போகிறீர்கள். ஆகவே தேதிப் பிரச்சினை குறைந்து, உள்ளே விடுவார்களா என்ற பிரச்சினை வருகிறது. ஆர்.பி. அமுதன் 2003இல் எடுத்த ‘பீ’ மதுரையில் ஒரு துப்புரவுப் பணியாளரின் வேலையைக் கூடவே நடந்து பார்க்கிறது. மாணவர்கள் முதலில் பார்க்க வேண்டிய படம் என்று இதைத்தான் சொல்வேன், ஏனென்றால் அதன் பலம் எந்தக் கருவியிலும் இல்லை. முதுமலை தெப்பக்காட்டில் எடுக்கப்பட்டு 2023இல் ஆஸ்கர் வாங்கிய ‘தி எலிபன்ட் விஸ்பரர்ஸ்’ படத்தையும் எல்லாரும் உதாரணம் காட்டுவார்கள். அதன் இயக்குநர் கார்த்திகி கொன்சால்வஸ் அதற்கு ஆண்டுக்கணக்கில் உழைத்தார். அந்த நெருக்கம் உங்கள் ஐந்தாறு வார இறுதிகளில் வராது.

எனவே, ஏற்கனவே உங்களுக்கு வாசல் திறந்திருக்கும் இடத்தைத் தேடுங்கள். அப்பா ஓட்டும் ஆட்டோ ஸ்டாண்ட், பாட்டி வேலை செய்த தீப்பெட்டித் தொழிற்சாலை, நீங்கள் தினமும் இறங்கும் பஸ் நிறுத்தத்தில் இருபது வருடமாகச் செருப்புத் தைப்பவர். அல்லது, தானாகவே திரும்பத் திரும்ப நடக்கும் ஒன்றைப் பிடியுங்கள். சென்னைக்காரர்களுக்கு நான் அடிக்கடி சொல்வது பல்லாவரம் சந்தை. வெள்ளிதோறும் பழைய டிரங்க் ரோட்டில் கூடும் அந்தச் சந்தையில் செடி, பழைய மரச்சாமான், கழற்றிய கம்ப்யூட்டர் பாகம், ஒற்றைக் காலணி வரைக்கும் கிடைக்கும். யாருடைய கால்ஷீட்டும் தேவையில்லை. இந்த வாரம் வெளிச்சம் சரியில்லையா, அடுத்த வெள்ளிக்கிழமை அதே மனிதர் அதே இடத்தில் கடை விரித்திருப்பார். ஜனவரி முதல் மார்ச் வரை பன்னிரண்டு பதின்மூன்று வெள்ளிக்கிழமைகள். கல்லூரி நாளில் வருவதால் கைடிடம் முன்பே சொல்லி வையுங்கள். பக்கத்தில் விமான நிலையம் இருப்பதால் ட்ரோன் ஆசையை மட்டும் விட்டுவிட வேண்டும்.

இதே சந்தையை வைத்து வடிவத்தையும் சோதிக்கலாம். முதல் இரண்டு வாரம் கேமராவே இல்லாமல் போய்வாருங்கள். திரும்பியதும் மனதில் நிற்பது பேரம் பேசும் சத்தங்கள் என்றால் அது வானொலி. பொருட்களின் குவியலும் கைகளும் என்றால் ஒளிப்படம். பழைய செல்போனைப் பிரித்துப் போட்டு விற்கும் ஒரே ஒருவரின் கதை என்றால் ஆவணப்படம். ‘இங்கே வாங்க வருகிறவர்கள் ஏன் ஆன்லைனில் வாங்குவதில்லை?’ என்ற கேள்வி என்றால் ஆய்வேடு. எதுவுமே நிற்கவில்லை என்றால் இடம் உங்களுக்கானது இல்லை, இரண்டு வெள்ளிக்கிழமைதான் நஷ்டம்.

ஆவணப்படத்தில் மாணவர்கள் கணக்கில் சேர்க்காத செலவு ஒன்று உண்டு. ஒரு மணி நேரப் பேட்டியை எழுத்தில் பெயர்க்க நான்கு முதல் ஆறு மணி நேரம் பிடிக்கும். தமிழ்ப் பேச்சு வழக்கை இயந்திரம் எழுதித் தந்தாலும் திருத்த உட்கார வேண்டியதுதான். சேமிப்பும் அப்படித்தான். நொடிக்கு 100 மெகாபிட் வேகத்தில் 4கே எடுத்தால் ஒரு மணி நேரக் காட்சிக்கு 45 ஜிபி. இரண்டு ஹார்டு டிஸ்க்கில் வைத்தால் 90. பதினைந்து மணி நேரம் எடுத்துவிட்டு இடமில்லாமல் திண்டாடுவதைவிட 1080இலேயே எடுங்கள், காலேஜ் ப்ரொஜெக்டரில் யாருக்கும் வித்தியாசம் தெரியாது. டியூப்லைட் வெளிச்சத்தில் எடுப்பதானால் நொடிக்கு 25 ஃப்ரேம், ஷட்டர் ஐம்பதில் ஒன்று என்று வையுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் படம் மினுக்காது.

சம்மதப் படிவத்தைத் தமிழில் எழுதி, வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்குங்கள். கேமரா முன்னாலும் ஒருமுறை சொல்லச் சொல்லுங்கள். பாலியல் குற்றத்துக்கு ஆளான குழந்தையின் பெயர், முகம், பள்ளி, தெரு என அடையாளம் காட்டும் எதையும் வெளியிட போக்சோ சட்டம் இடம் தராது. மாணவர் படம் என்பதால் விலக்குக் கிடையாது. இந்த வகைத் தலைப்பை இளங்கலையில் எடுக்க வேண்டாம் என்பதே என் யோசனை. அதைத் தாங்கும் பொறுமையும் சட்ட உதவியும் உங்களிடம் இருக்காது.

ஒளிப்படத் தொகுப்பைச் சுலபமான வழி என்று நினைத்து எடுப்பவர்கள் வைவாவில் திணறுவதுண்டு. ஆள் தேவையில்லை, தேதி தேவையில்லை என்பதெல்லாம் உண்மை. ஆனால் ஆயிரம் படத்திலிருந்து பதினைந்தைப் பொறுக்கி, வரிசைப்படுத்தி, ஏன் இது முதலில், ஏன் இது கடைசியில் என்று பதில் சொல்ல வேண்டும். பத்திரிகையாளர் பி. சாய்நாத் 2014இல் தொடங்கிய பாரி இணையதளத்தில் தமிழ்நாட்டுப் படக்கட்டுரைகள் நிறைய இருக்கின்றன. படத்துக்கும் அடியிலுள்ள வரிக்கும் என்ன உறவு என்று அங்கே பார்த்துக் கற்றுக்கொள்ளலாம். ‘வறுமையின் வலி’ என்று படத்துக்கு அடியில் எழுதும் பழக்கம் இருந்தால் இந்த விருப்பத்தை எடுப்பதற்கு முன் அதை விட்டுவிடுங்கள். அந்த மனிதரின் பெயர், தொழில், ஊர், படத்தில் என்ன செய்கிறார், அவ்வளவு போதும்.

வானொலிக்கு இருக்க வேண்டிய மரியாதை நம் துறைகளில் இல்லை. பட்டியலில் குறைந்த கால்ஷீட்டில் முடியக்கூடியவற்றில் இதுவும் ஒன்று. ஒரு கைபேசி, சட்டையில் மாட்டும் மைக், துணி அடைத்த பீரோ இருக்கும் அறை. இந்தியாவின் முதல் வளாகச் சமுதாய வானொலியான அண்ணா எஃப்.எம். 2004 பிப்ரவரி 1 அன்று அண்ணா பல்கலைக்கழகத்தில் தொடங்கியது. இன்று பல கல்லூரிகளுக்குச் சொந்த நிலையம் இருக்கிறது. உங்கள் நிகழ்ச்சி ஒருமுறை ஒலிபரப்பானாலே வைவாவில் பேச்சு மாறும். ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும்: சமுதாய வானொலிகள் சொந்தமாகச் செய்தி ஒலிபரப்ப முடியாது, ஆகாசவாணியின் செய்தியை அப்படியே தரலாம். அதனால் செய்தி அறிக்கை போல எழுதாமல் வாழ்க்கைக் கதையாக, பேச்சாகக் கொண்டுபோங்கள். எந்த இடத்தில் பதிவு செய்தாலும் யாரும் பேசாத ஒரு நிமிடத்தைத் தனியாகப் பதிந்துகொள்ளுங்கள். இரண்டு பேச்சுகளை ஒட்டும்போது அந்த வெறும் சத்தம்தான் கைகொடுக்கும்.

அனிமேஷனுக்கு ஒரே ஒரு பெருக்கல் போதும். நொடிக்கு 24 ஃப்ரேமில், ஒரு ஓவியத்தை இரண்டு ஃப்ரேம் நிறுத்தினாலும் நொடிக்கு 12 ஓவியம். இரண்டு நிமிடப் படத்துக்கு 1,440. தனியாக வரைபவர் நாளைக்கு எத்தனை முடிப்பார் என்று ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து வரைந்து பாருங்கள், பிறகு முடிவு செய்யுங்கள். விளம்பரப் பிரசாரம் எடுப்பவர்கள் கற்பனை சோப்புக்கு விளம்பரம் செய்யாமல் தெருமுனை மெஸ், தையல் பயிற்சி நிலையம் என்று நிஜமான ஒரு வாடிக்கையாளரைப் பிடித்தால் போதும், பாதி வேலை முடிந்த மாதிரி. இதழ் வடிவமைப்பு எடுப்பவர்களுக்குத் தொல்லை தமிழ் எழுத்துருவில் வரும். இன்டிசைனில் வேர்ல்டு ரெடி கம்போசரைத் தேர்ந்தெடுக்காவிட்டால் ‘கொ’ உடைந்து கொம்பு ஒரு பக்கம், கால் ஒரு பக்கம் போகும். பழைய எழுத்துருவில் தட்டச்சு செய்த கட்டுரையை யூனிகோடுக்கு மாற்றிய பிறகு ஒருமுறை முழுதாகப் படிக்காமல் பக்கம் கட்டாதீர்கள். நடுவில் பின் அடிக்கும் இதழ் நான்கின் மடங்கில்தான் வரும். பதினெட்டுப் பக்கம் தயாரித்துவிட்டுப் பிரஸ்ஸில் போய் நிற்காதீர்கள்.

இனி ஆய்வேடு. கேமரா பிடிக்காதவர்களின் புகலிடம் என்று இதற்கு ஒரு பெயர் உண்டு. அந்தப் பெயர் வரக் காரணம் ஒரு தலைப்பு: ‘இளைஞர்களிடையே சமூக ஊடகங்களின் தாக்கம்’. ஒரு கூகுள் ஃபார்ம், அதை நிரப்ப நூறு வகுப்புத் தோழர்கள், எட்டு வட்ட வரைபடம், கடைசியில் ‘நன்மையும் உண்டு, தீமையும் உண்டு’. எக்ஸ்டெர்னலாக வருகிறவர் இதை எத்தனை முறை படித்திருப்பார் என்று கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். எந்த இளைஞர், எந்த ஊடகம், எதன்மேல் தாக்கம் என்று மூன்றுக்கும் பதில் இல்லாத தலைப்பில் நூறு பேரைக் கேட்டாலும் ஆயிரம் பேரைக் கேட்டாலும் ஒன்றுதான்.

மனிதர்களைக் கேட்பதைவிட, வெளியான ஒன்றை எண்ணுவது மாணவருக்கு ஏற்றது. செய்தித்தாள் உங்களுக்கு கால்ஷீட் சிக்கல் தராது. உதாரணமாக, தினத்தந்தி, தினமலர், இந்து தமிழ் திசை மூன்றின் முதல் பக்கங்களில் பெண்கள் எந்த வகைச் செய்தியில் வருகிறார்கள் என்ற கேள்வி. மூன்று மாதத்து நாளிதழ்கள் அத்தனையையும் பார்க்க வேண்டியதில்லை. அந்தக் காலத்தின் திங்கட்கிழமைகளை எல்லாம் சீட்டு எழுதிப் போட்டு ஒன்றை எடுங்கள், அப்படியே செவ்வாய், புதன் என்று ஞாயிறு வரை. இப்படிக் கட்டிய ஒரு வாரம், முடிந்தால் இரண்டு. வெள்ளிக்கிழமையின் சினிமா விளம்பரமும் ஞாயிற்றுக்கிழமையின் நிதானமும் கணக்கைச் சாய்க்காமல் இருக்க இந்த ஏற்பாடு. பிறகு செய்தியை வகைப்படுத்தும் விதிகளை எழுதி, பத்தில் ஒரு பங்குச் செய்திகளை உங்கள் தோழியிடம் கொடுத்து, உங்கள் பதிலைப் பார்க்காமல் வகைப்படுத்தச் சொல்லுங்கள். வரதட்சணை வழக்கை நீங்கள் ‘குற்றம்’ என்றும் அவர் ‘குடும்பம்’ என்றும் போட்டிருப்பார். அந்தச் சண்டையில்தான் உங்கள் ஆய்வேட்டின் நல்ல அத்தியாயம் இருக்கிறது. விதியைத் திருத்தி மறுபடி எண்ணியதை மறைக்காமல் எழுதுங்கள். பழைய இதழ்களில் ஆர்வம் இருந்தால் தரமணியில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. ஐம்பதுகளின் சினிமாப் பத்திரிகை விளம்பரங்களைப் பற்றி ஒரு புராஜெக்ட் அங்கே யாருக்காகவோ காத்திருக்கிறது.

குழுவாகச் செய்வதா, தனியாகவா என்பதில் பலர் நட்பைப் பார்த்து முடிவு செய்கிறார்கள். கால்ஷீட் கணக்கு இங்கேயும் உதவும். ஒவ்வொருவர் பெயருக்கு நேராகவும் அவர் மட்டுமே செய்யக்கூடிய வேலை என்ன என்று எழுதுங்கள். எழுத வராத பெயர் வைவாவில் பதில் சொல்ல வராத பெயராகத்தான் இருக்கும். பகுதி நேர வேலைக்குப் போகிறவர், தினமும் செங்கல்பட்டிலிருந்து ரயிலில் வருகிறவர் குழுவில் இருந்தால் அவருக்கு எடிட்டிங், ஒலி, எழுத்து என்று வீட்டிலேயே முடியும் வேலையைக் கொடுங்கள். அதைவிட்டு அவரைக் காலை ஐந்து மணி ஷூட்டுக்கு வரவில்லை என்று கோபித்துக்கொள்வதில் நியாயமில்லை.

கைடும் ஒரு கால்ஷீட்தான். ஆவணப்படம் எடுத்த அனுபவம் உள்ள ஆசிரியரிடம் அனிமேஷனைக் கொண்டுபோனால் அவரும் பாவம், நீங்களும் பாவம். டிக் அடிப்பதற்கு முன் அவரிடம் போய், “மேம், வாரத்துல எந்த நாள் உங்களப் பாக்கலாம்?” என்று கேட்டுவிடுங்கள். கூடவே மதிப்பெண் பிரிவையும் கேளுங்கள். படைப்புக்கு எவ்வளவு, ரெக்கார்டுக்கு எவ்வளவு, வைவாவுக்கு எவ்வளவு என்பது சிலபஸில் இருக்கும், பெரும்பாலோர் அதை மார்ச்சில்தான் பார்க்கிறார்கள். ரெக்கார்டுக்குக் கணிசமான பங்கு இருந்தால் முதல் நாளிலிருந்தே ஒரு நோட்டு வையுங்கள்: தேதி, போன இடம், கிடைத்தது, கிடைக்காதது, அதனால் மாற்றியது. எக்ஸ்டெர்னல் கேட்கும் கேள்விகளில் பாதிக்கு விடை அதில் இருக்கும்.

சினாப்சிஸ் ஒரு பக்கம் போதும். எதைப் பற்றி, எந்த வடிவம், ஏன் இந்த வடிவம், எங்கே, யார் யார் சம்மதித்தாயிற்று. கடைசிக் கேள்விக்கு எதிர்காலத்தில் பதில் எழுதாதீர்கள். ‘அனுமதி பெறப்படும்’ என்று எழுத வேண்டியிருந்தால் தலைப்பைக் கொடுக்கும் முன்பே போய்க் கேட்டுவிட்டு வாருங்கள்.

முதல் ரிவ்யூ வரை விருப்பத்தை மாற்றலாம், பெரும்பாலான துறைகள் தடுக்காது. அதற்குப் பிறகு சிக்கல் வந்தால் வடிவத்தை மாற்றாமல் அளவைக் குறையுங்கள்: இருபது நிமிட ஆவணப்படம் ஒன்பதாகலாம், மூன்று நாளிதழ் இரண்டாகலாம், ஐந்து பாத்திரம் இரண்டாகலாம். முக்கிய நடிகரோ பேட்டி தர ஒப்புக்கொண்டவரோ கைவிட்டால் அந்த வாரமே கைடிடம் சொல்லுங்கள், அதுவரை எடுத்ததைக் கையோடு கொண்டுபோய்க் காட்டுங்கள். என்ன போய்விட்டது என்பதைக் கேட்டால் அவரும் உச்சுக்கொட்டத்தான் முடியும். கையில் இருப்பதைப் பார்த்தால் அதை வைத்து என்ன செய்யலாம் என்று யோசிப்பார்.